வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள்

முதல் பேச்சிலேயே "குடியிருக்க இல்லை, வாடகைக்கு விடத்தான்" என்று சொல்லிவிடுங்கள். சமையலறை அழகு, ஜன்னல் காற்று என்று வர்ணிப்பது குறையும். பட்ஜெட்டின் உச்சவரம்பை மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் காட்டுகிற வீடெல்லாம் அந்த விலையில்தான் இருக்கும்!

விற்பவர் சொல்லும் விலையை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் அண்மையில் உண்மையாகவே விற்ற விலைகளைக் கேளுங்கள். வாடகைக்கும் அப்படித்தான். "இவ்வளவு வரும்" என்ற வாய்வார்த்தை போதாது, நடப்பு வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டு வாடகையிலிருந்து பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு, ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும் இழப்பு எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை, பதிவுச் செலவும் கமிஷனும் சேர்ந்த மொத்த விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் நிகர வருமான விகிதம் கிடைக்கும். ஏஜென்ட் சொல்லும் விகிதத்தில் பெரும்பாலும் இந்தக் கழித்தல் எதுவும் இருக்காது.

விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று நேராகவே கேளுங்கள். ஆமென்றால் பேரத்தை அவரிடம் விடாதீர்கள். பத்திரங்களைச் சரிபார்க்க அவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். வீட்டின் நிலையைப் பார்க்கும் பொறியாளருக்கும் இதே விதிதான்.