வெனிஸுக்குப் பெட்டி அடுக்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

வெனிஸுக்குள் கார் ஓடாது, ஆட்டோ, சைக்கிள் எதுவும் கிடையாது. ரயிலில் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கினாலும் சரி, பஸ்ஸில் பியாத்சாலே ரோமாவுக்கு வந்தாலும் சரி, அங்கிருந்து படகு, இல்லையென்றால் நடைதான். 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊர், அவற்றில் பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். அதனால் உங்கள் பெட்டியை நீங்களேதான் தூக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு அடுக்க ஆரம்பியுங்கள்.

1. முதலில் பெட்டி

பெரிய சூட்கேஸை மறந்துவிடுங்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் ஸ்கால்ஸி பாலம் தெரியும், கல்லால் ஆன உயரமான வளைவு, ஏறி இறங்க இரண்டு பக்கமும் படிகள். அங்கே சக்கரம் உதவாது, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித்தான் ஆக வேண்டும். முதுகில் மாட்டும் பை நல்லது, அல்லது விமானத்தில் கையோடு கொண்டுபோகும் அளவுள்ள சின்னப் பெட்டி. அடுக்கி முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டு மாடிக்கு நிற்காமல் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள், மூச்சு வாங்கினால் எதையாவது வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

2. செருப்பு, ஷூ

நாள் முழுக்கக் கல்தரையில் நடை, மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ ஒரு ஜோடி போதும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல்மட்டம் ஏறித் தெருவில் தண்ணீர் வரும் என்று படித்துவிட்டு ரப்பர் பூட்ஸைத் திணிக்க வேண்டாம். 2020 முதல் மோசே என்ற தடுப்புக் கதவுகள் பெரிய அலையேற்றங்களைத் தடுக்கின்றன. தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் மட்டும் சில நாட்களில் தண்ணீர் தேங்கலாம், அப்போது ஷூவின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை அங்கேயே கடைகளில் கிடைக்கும்.

3. துணிகள்

ஒரு வாரத்துக்கு நாலு மேல்சட்டை, இரண்டு பேன்ட், அப்புறம் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். குளிர்காலத்தில் ஈரக்காற்று எலும்பு வரை போகும், ஒரே தடிமனான கோட்டைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மெல்லிய உடைகள்தான் வசதி.

சான் மார்க்கோ தேவாலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா எடுத்துக்கொண்டால் தோளை மூடிக்கொள்ளலாம், படகில் காற்றடித்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். பெரிய பையோடு உள்ளே விடமாட்டார்கள், அதனால் தோளில் குறுக்காக மாட்டும் சின்னப் பையும் அவசியம்.

4. சில்லறைச் சாமான்கள்

தண்ணீர் பாட்டில் (தெருக் குழாய்களிலேயே குடிநீர் வரும்). கோடையில் கொசுக்கடிக்கு ஒரு கிரீம், கைப்பையில் வைப்பதென்றால் 100 மில்லிக்குள். மின்சாரம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முள் பிளக் என்றால் அடாப்டர் வேண்டும்.

5. கடைசியாக, முகவரி

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெனிஸில் வீட்டு எண் தெரு வாரியாக இல்லை, பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கில் போகும், எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் சந்துகளுக்குள் பெட்டியோடு சுற்ற வேண்டியதுதான். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே எழுதி, எந்தப் படகு நிறுத்தத்தில் இறங்குவது, அங்கிருந்து எத்தனை பாலம் ஏற வேண்டும் என்று கேட்டுத் தாளில் குறித்து, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.