பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்: ஆக்டிவ் டைரக்டரியில் தொலைந்த கணக்கைத் தேடுவது எப்படி?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபிஸில் கணினி வேலை பார்க்கிறேன். ஊழியர்களின் கணினிக் கணக்குகளை வைத்திருக்கும் விண்டோஸ் பதிவேடுதான் ஆக்டிவ் டைரக்டரி. அதில் புதுக் கிராணிக்குக் காலையில் கணக்குத் திறந்தேன், மத்தியானம் பார்த்தால் அவர் பெயரைக் காணவில்லை. மறுபடி திறக்கப் போனால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று திரை தடுக்கிறது.

இந்த இடத்தில் பலர் பெயருக்குப் பின்னால் '1' சேர்த்து இன்னொரு கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பாதுகாப்பு எண் உண்டு. பழைய கணக்குக்குக் கொடுத்த கோப்பு அனுமதி எதுவும் புதியதற்கு வராது. முதலில் தேடுவோம்.

முதல் படி: கணக்கு உண்மையிலேயே தொலைந்ததா, மறைந்துதான் இருக்கிறதா?

அவருடைய முழு மின்னஞ்சல் முகவரியைத் தட்டி ஒரு கடிதம் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்தால் மின்னஞ்சல் பெட்டி நலமாக இருக்கிறது, முகவரிப் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. அவுட்லுக்கை பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே பெயர் தெரிந்தால், உங்கள் கணினியில் இருக்கும் முகவரிப் பட்டியல் பழைய பிரதி. அதை மீண்டும் இறக்கினால் போதும். அங்கேயும் தெரியாவிட்டால், எக்ஸ்சேஞ்ச் (மின்னஞ்சல் சர்வர்) நிர்வாகப் பக்கத்தில் அவர் பெட்டியைத் திறந்து, 'முகவரிப் பட்டியலில் மறை' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதில் உள்ள டிக்கை எடுங்கள்.

இரண்டாம் படி: ஒளிந்திருக்கும் பகுதியைத் திறப்பது

பெட்டியே இல்லை, கணக்கும் இல்லை என்றால், 'ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்' என்ற நிர்வாகக் கருவியில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இதுவரை கண்ணில் படாத சில பெட்டகங்கள் இடப்பக்கம் வரும். அவற்றில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்பதைத் திறங்கள். எங்கள் கிராணி அங்கேதான் இருந்தார்.

எப்படிப் போனார்? எங்கள் தோட்டத்தில் ஒரு டொமைன் கன்ட்ரோலர் (இந்தப் பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் சர்வர்), கோலாலம்பூர் தலைமையகத்தில் இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு தளங்கள் என்பதால், மாற்றங்கள் ஒன்றுக்கொன்று போய்ச் சேர வழக்கமான அமைப்பில் 180 நிமிடம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் நான் இங்கே ஒரு பழைய பிரிவுக்குள் (கணக்குகளைச் சேர்த்து வைக்கும் 'ஓயூ') கணக்கைத் திறந்தேன். அங்கே ஒருவர், காலியாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பிரிவையே அழித்துவிட்டார். இரண்டு செய்தியும் சந்தித்தபோது பிள்ளைக்கு வீடு இல்லை. விண்டோஸ் அதை அழிக்காமல் இந்தப் பெட்டகத்தில் கொண்டுபோய் வைக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

மூன்றாம் படி: வீடு சேர்ப்பது

கணக்கின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'அட்ரிபியூட் எடிட்டர்' பக்கத்தில் 'லாஸ்ட் நோன் பேரன்ட்' என்ற வரியைப் பாருங்கள். கணக்கு முன்பு எந்தப் பிரிவில் இருந்தது என்று அதில் இருக்கும். அந்தப் பிரிவு இனி இல்லை என்பதால், இப்போது புழக்கத்தில் உள்ள பிரிவைத் தலைமையகத்தில் கேட்டுக்கொண்டு, கணக்கில் வலது கிளிக் செய்து 'மூவ்' கொடுங்கள். அப்புறம் அடுத்த தளத்துக்கு அது போய்ச் சேரும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகு மின்னஞ்சல் பெட்டி திறக்கலாம்.

அந்தப் பெட்டகத்தில் வேறு பெயர்களும் கிடந்தால் குப்பை என்று அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஏற்கெனவே பெட்டியோடு இருந்த ஒருவருக்குப் புதுக் கணக்குத் திறந்துவிட்டீர்களா? சக ஊழியர்கள் பழைய கடிதங்களுக்குப் பதில் அனுப்பினால் 5.1.1 என்ற எண்ணோடு திரும்பி வரும். பழைய பெட்டியின் உள்முகவரியை (LegacyExchangeDN) புதுப் பெட்டியில் 'எக்ஸ்500' வகை முகவரியாகச் சேருங்கள், அந்தப் பதில்கள் வந்து சேரும்.