'தி ஹாபிட்' நாவலை மறுபடி வாசிக்கும் முறை

ஆங்கில எழுத்தாளர் டால்கீன் 1892 ஜனவரி 3 அன்று நம் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபொன்டைனில் பிறந்தவர். அவருடைய 'தி ஹாபிட்' நாவலைச் சிறுவயதில் படித்தவர்கள் மறுபடி கையில் எடுத்தால், தெரிந்த கதைதானே என்று புரட்டத் தோன்றும். ராட்சதர்கள் வரும் இடத்தைப் புரட்டினால் நட்டமில்லை. ஐந்தாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்கிவிடுங்கள்.

1937இல் வந்த முதற்பதிப்பில், இருண்ட குகையில் வாழும் கோல்லம் என்பவன், கதாநாயகன் பில்போவுடனான விடுகதைப் போட்டியில் தோற்றால், அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் தன் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். அது காணாமற்போனதும் மன்னிப்புக் கேட்டு, வெளியேறும் வழியைக் காட்டுகிறான். அடுத்த பெருநாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் அந்த மோதிரம் தீமையின் வடிவமாக வளர்ந்துவிட்டதால், டால்கீன் 1951இல் இந்த அத்தியாயத்தைத் திருத்தி, பழைய வடிவத்தைப் பில்போ சொன்ன பொய்யாக்கிவிட்டார். இன்று கடைகளில் கிடைப்பது திருத்திய வடிவமே. அதில் பில்போ கையில் வாளுடன் கண்ணுக்குத் தெரியாமல் நின்றும், கோல்லத்தைக் கொல்லாமல் தாண்டிக் குதிக்கிறான். அந்தப் பத்தியை இருமுறை படியுங்கள்.

விடுகதைகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், பூட்டும் மூடியும் இல்லாத பெட்டிக்குள் தங்கம் என்ற விடுகதையைத் தமிழில் போட்டேன். பிள்ளைகள் யோசிக்கும் முன்பே ஆயா, தேநீர்க் கோப்பையைக் கூடக் கீழே வைக்காமல், "முட்டை" என்றார். 'நேரம் கொடு' என்று கத்த நினைத்த பில்போவின் வாயிலிருந்து 'நேரம்' என்ற சொல் மட்டும் வந்து, அதுவே விடையாகிவிடும் இடம் தமிழிலும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்து, மூன்றாம் அத்தியாயத்தில் எல்ரோண்ட் வரைபடத்திலிருந்து படித்துச் சொல்லும் நிலவெழுத்து (நிலவொளியில் மட்டும் தெரியும் எழுத்து) வரியைத் தாளில் எழுதி, பதினொன்றாம் அத்தியாயத்தில் செருகி வையுங்கள். பறவை தட்டும் என்று வரைபடம் சொன்னது, அது நத்தையைப் பாறையில் மோதி உடைக்கும் சத்தத்தைத்தான் என்பது அப்போது விளங்கும்.

ஐந்து படைகளின் போரை விரைவாகக் கடக்கலாம்; பில்போவே தலையில் அடிபட்டு மயங்கிக் கிடக்கிறான். அதற்கு முன், ஆர்க்கன்ஸ்டோன் என்னும் மணியைத் தன் பயணத்தோழர்களான குள்ளர்களுக்குத் தெரியாமல் எதிரணியிடம் அவன் ஒப்படைக்கும் இரவில் நிதானியுங்கள். கொடுத்துவிட்டு அவன் எங்கே திரும்பிப் போகிறான் என்று பாருங்கள்.