பயாப்சி அறிக்கையில் டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1 மரபணுவைப் படித்தறியும் முறை

கல்லீரலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுத்த பயாப்சியின் அறிக்கையில் ‘டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1–கேம்டா1 இணைவு’ என்று கண்டால், அது இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டதைக் குறிக்கும்; எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா என்னும் அரிய இரத்தக்குழாய்ப் புற்றுநோயின் அடையாளம் அது. முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 3ஆம் குரோமோசோமில் உள்ள டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1 மரபணு உருவாக்கும் புரதத்தை ஆய்வுக் கட்டுரைகள் ‘டாஸ்’ என்று அழைக்கின்றன; எக்ஸ் குரோமோசோமில் உள்ள டஃபாசின் மரபணுவும் நெடுங்காலம் இதே பெயரில்தான் வழங்கியது. டஃபாசினோ இதயத்தசையைப் பாதிக்கும் பரம்பரை நோயான பார்த் நோய்க்குரியது. ஆகவே, தேடும்போது மரபணுவின் முழுக் குறியீட்டையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்; என் கருத்தில் இதுவே முதன்மையான கேள்வி. டாஸ் தானாக டி.என்.ஏ.வைப் பற்றுவதில்லை, உட்கருவுக்குள் சென்று, டி.என்.ஏ.வைப் பற்றும் டீட் புரதங்களோடு சேர்ந்து, செல் பெருகுவதற்கான மரபணுக்களின் படியெடுப்பைத் தூண்டும் துணைப்புரதம் அது. இயல்பான செல்லில், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைத் தொடரான ஹிப்போ பாதையின் லாட்ஸ் நொதிகள் அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றி, உட்கருவுக்கு வெளியே நிறுத்தி, சிதைவுக்கு அனுப்புகின்றன. 1ஆம், 3ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போதோ, டாஸின் டீட்டைப் பற்றும் முன்பகுதி கேம்டா1இன் பின்பகுதியோடு ஒட்டிவிடுகிறது; அந்த இணைவுப் புரதம் ஹிப்போவின் கட்டுக்கு அடங்காமல் உட்கருவிலேயே தங்கிவிடுகிறது. 2011இல் வெளிவந்த இக்கண்டறிதல், இப்புற்றுநோயை உறுதிசெய்யும் வழியையே மாற்றியது.

ஸ்லைடைப் பார்க்க வாய்த்தால், வெளிறிய கூழ் போன்ற பின்னணியில் தனித்தும் சரமாகவும் கிடக்கும் செல்களைத் தேடுங்கள். சிலவற்றின் உள்ளே சிறு குமிழும், அக்குமிழுக்குள் ஒரு சிவப்பணுவும் தெரியும். செல்லே இரத்தக்குழாயாக முயன்றதன் அடையாளம் அது. கேம்டா1 புரதத்தைக் காட்டும் சாயத்தில் உட்கரு பழுப்பாக நிறம் ஏறியிருந்தால் மட்டுமே நேர்மறை என்று கொள்ளுங்கள்.

இக்கட்டியின் செல்கள் சில வேளை, கார்சினோமா (எபிதீலியப் புற்றுநோய்) செல்களைக் காட்டப் பயன்படும் கெரட்டின் சாயத்தையும் ஏற்பதால், கல்லீரலில் பல முடிச்சுகளாகத் தோன்றும்போது வேறிடத்திலிருந்து பரவிய கார்சினோமா என்று தவறாக எழுதப்படுவதுண்டு. ஐயம் இருந்தால், இரத்தக்குழாய்ச் செல்களை அடையாளம் காட்டும் சி.டி.31, ஈ.ஆர்.ஜி. சாயங்கள் செய்யப்பட்டனவா என்று நோயியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேம்டா1 எதிர்மறையானால் உடனே இந்நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சிறுபான்மை நோயாளிகளிடம் டாஸின் உடன்பிறப்பான யாப்1, டி.எஃப்.ஈ.3 மரபணுவோடு இணைந்திருக்கும், அதற்கு ஃபிஷ் (ஒளிரும் குறியால் மரபணு மாற்றத்தைக் காட்டும் சோதனை) அல்லது ஆர்.என்.ஏ. வரிசையறிதல் சோதனை தேவை. இணைவு நோயின் பெயரைத்தான் உறுதிசெய்யும். நோயின் வேகத்தை அறிய, மென்திசுக் கட்டியானால் அதன் அளவு 3 செ.மீ.யைத் தாண்டியதா, செல் பிரிதல்கள் எத்தனை என்ற வரிகளையும் அதே அறிக்கையில் தேடிப் படியுங்கள்.