சூயிங் கம்: உள்ளே என்ன இருக்கிறது, மருந்துக் கம்மை மெல்வது எப்படி

சிகரெட்டை விட வேண்டும் என்று நிகோட்டின் கம் வாங்கியவர்கள் மருந்துக்கடைக்குத் திரும்பி வந்து சொல்லும் குறைகள் மூன்று: விக்கல் வருகிறது, நெஞ்சு எரிகிறது, ஆசை அடங்கவே இல்லை. பெரும்பாலும் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பபுள் கம் மாதிரி நறநறவென்று மென்றுவிடுகிறார்கள். இரண்டு நாளில் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி டீக்கடை வாசலில் பற்றவைக்கிறார்கள். மருந்தில் தப்பில்லை; மெல்லும் முறைதான் தவறு. அதை விளக்க, கம்முக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பழுக்காத சப்போட்டாவைக் கடித்தால் உதட்டில் ஒட்டிக்கொண்டு போகவே போகாத பால் ஒன்று உண்டல்லவா, சூயிங் கம்மின் பூர்வீகம் அதுதான். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காடுகளில் சப்போட்டா மரப்பட்டையைக் கீறிப் பால் வடித்து, காய்ச்சி இறுக்கி எடுத்த சரக்குக்குச் 'சிக்லே' என்று பெயர். 1871-இல் அமெரிக்காவில் தாமஸ் ஆடம்ஸ் கம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது இந்தச் சரக்கை நம்பித்தான். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் செயற்கை ரப்பரும் பிசினும் மெழுகும் கால்சியம் கார்பனேட் தூளும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்த கலவைக்குக் 'கம் பேஸ்' என்று பெயர். அது எச்சிலில் கரையாது. அதனால்தான் எவ்வளவு மென்றாலும் மிஞ்சுகிறது. ஆனால் எண்ணெயில் இளகும். பிள்ளையின் தலைமுடியில் ஒட்டிவிட்டால் கத்திரி எடுக்காமல் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள், வந்துவிடும். துணியில் ஒட்டியிருந்தால் எண்ணெய் வேண்டாம், கறை படியும். ஐஸ் கட்டியை வைத்து இறுகச் செய்து சுரண்டி எடுங்கள்.

இனிப்புக் கம்மில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். சர்க்கரை இல்லாத கம்மை அடையாளம் காண, உறையில் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள்: 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 951 அஸ்பார்டேம், 950 அசிசல்ஃபேம். சாப்பிட்ட பிறகு இந்த வகையை 20 நிமிடம் மென்றால் எச்சில் பெருகி, பல்லில் படிந்த அமிலத்தைக் கழுவிவிடும். பல் துலக்குவதற்கு அது மாற்று ஆகாது. சார்பிட்டால் கம்மை நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று மென்றால் வயிறு உப்பி, பேதியும் ஆகலாம். அது குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் வரும் தொல்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு 951 கூடவே கூடாது. சைலிட்டால் மனிதருக்குத் தீங்கில்லை, நாய்க்கு விஷம். கொஞ்சம் தின்றாலும் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், கல்லீரலும் கெடும்.

இனி நிகோட்டின் கம். இதில் நிகோட்டின் ஒரு பிசினோடு பிணைந்திருக்கிறது. மெல்லும்போது எச்சில் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். விடுபட்ட நிகோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும், அதுதான் திட்டம். வாய் சற்றுக் காரத்தன்மையோடு இருந்தால்தான் அது நடக்கும். அதற்காகக் கம்மிலேயே சோடியம் கார்பனேட் போன்ற காரப்பொருள் சேர்க்கிறார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு செய்கிற வேலையும் இதேதான். சோழவந்தான் வெற்றிலையோடு சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்துப் போடுகிறவருக்கு 'சுருக்'கென்று ஏறுவது ஏன் என்பதும் இதில் விளங்கிவிடும்.

வாயில் புளிப்பு இருந்தால் இந்த ஏற்பாடு குலையும். காபி, எலுமிச்சை சோடா, கோலா, பழச்சாறு, மோர் எதைக் குடித்தாலும் 15 நிமிடம் கழித்தே கம்மை வாயில் போட வேண்டும். வாயில் கம் இருக்கும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. மதுரையில் டீயும் சிகரெட்டும் ஜோடியாகப் போகிற பழக்கம் என்பதால் இங்கே தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டீயைக் குடித்து முடித்து, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் பொறுங்கள்.

மெல்லும் முறை இது. கம்மை மெதுவாக, பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். மிளகு கடித்தது போல ஒரு காரம், நாக்கில் சுருசுருப்பு தெரியும். தெரிந்த உடனே மெல்வதை நிறுத்தி, கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, வெற்றிலையை ஒதுக்குவது போலக் கடைவாயில் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் போல ஆகும், சுருசுருப்பு அடங்கும். அடங்கியதும் மறுபடி மெதுவாக மென்று, காரம் வந்ததும் இந்த முறை மறு கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். மென்றாலும் காரம் வராத நிலையில் கம் தீர்ந்தது என்று பொருள். நிறுத்தாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும் அதனால்தான். வயிற்றுக்குப் போனதில் பெரும்பங்கைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் ஆசையும் அடங்காது.

அளவு: காலையில் கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி., அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2 மி.கி. இரண்டாவதைச் சீட்டில்லாமல் வாங்கலாம், 4 மி.கி. கம்முக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம். நாளுக்கு 9-க்குக் குறையக் கூடாது. 7 முதல் 9-ஆம் வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12 வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நாளும் 24-ஐத் தாண்டக் கூடாது. ஆசை வந்த பிறகு கம்மைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். சிகரெட் நிகோட்டின் சில நொடியில் மூளைக்குப் போகும். கம் முழுதாக வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். பலர் சிக்கனம் பார்த்து நாளுக்கு மூன்று நான்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவு போதாது. நடுவில் ஒரு நாள் தவறிச் சிகரெட் பிடித்துவிட்டால் கம்மை விட்டுவிடாதீர்கள், மறுநாள் அதே கணக்கில் தொடருங்கள்.

சிகரெட் புகை, கல்லீரல் காபியின் கஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். புகை நின்றால் அந்த வேகம் குறைந்து, அதே இரண்டு காபி இரட்டிப்பாக ஏறும். படபடப்பு, தூக்கமின்மை வந்தால் கம்மைக் குறை சொல்லும் முன் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். இதே காரணத்தால் தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து), குளோசபின் (மனநோய் மருந்து) சாப்பிடுபவர்கள் சிகரெட்டை நிறுத்தும்முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். காரணம் வேறு என்றாலும், இன்சுலின் போடுபவர்களும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி கூடிக்கொண்டே போகிறவர், கர்ப்பிணி, 18 வயதுக்குக் குறைந்தவர் தாமாக வாங்கி மெல்லக் கூடாது. பல்செட் போட்டவருக்குக் கம் ஒட்டிக்கொள்ளும். வாயில் போட்டுச் சப்பிக் கரைக்கும் நிகோட்டின் லோசெஞ்ச் மாத்திரை கேட்கலாம். சிகரெட்டுக்குப் பதிலாகப் பாக்கு என்று மாறுவதும் ஆபத்துதான்; புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப்புற்றுநோய் தரும். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் தேசிய புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை.

மற்ற மருந்துக் கம்கள் இங்கே அவ்வளவாகக் கிடைப்பதில்லை. அமெரிக்க ராணுவத்தில் 100 மி.கி. கஃபீன் கம் உண்டு. ஐரோப்பாவில் பயணத்தில் வரும் குமட்டலுக்கான டைமென்ஹைட்ரினேட் மருந்து 20 மி.கி. கலந்த பயணக் கம் விற்கிறது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது நாம் மெல்லும் புதினாக் கம்மில் அந்த மருந்து கிடையாது. மருந்தே இல்லாத சாதாக் கம்மும் ஓர் இடத்தில் மருந்தாகிறது: சிசேரியன் ஆனவர்கள் கம் மென்றால், சாப்பாடு வருகிறது என்று குடல் நம்பி அசையத் தொடங்கி, வாயு சீக்கிரம் பிரியும். அறுவை செய்த மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே இதைச் செய்யலாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியில் கம் வைக்காதீர்கள். 1992 முதல் அங்கே கம் இறக்குமதிக்குத் தடை. 2004-க்குப் பிறகு மருந்துக் கம்மை மட்டும் அங்குள்ள மருந்தாளுநரிடம் வாங்கலாம்.

சித்திரை வெயிலில் அட்டையை வண்டி டேங்க் கவரில் வைத்தால் கம் இளகி உறையோடு ஒட்டிப்போகும். சட்டைப் பையிலோ வீட்டு அலமாரியிலோ வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். மென்று துப்பும் நிகோட்டின் கம்மில் ஏறக்குறைய பாதி நிகோட்டின் மிச்சம் இருக்கும். சின்னப் பிள்ளை எடுத்து வாயில் போட்டால் வாந்தி, மயக்கம்வரை போகும். தெருவில் துப்பாமல், வந்த உறையிலேயே மடித்து மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.