திருகோணமலையின் பழைய வீடுகளில் வெக்கையைக் குறைப்பது: கூரையில் தொடங்கி ஏசி வரை

வைகாசியில் கச்சான் காற்றுக் கிளம்பியதும் ஏசி வாங்க ஓடுகிறோம். பூட்டிய பிறகும் அறை குளிரவில்லை என்ற முறைப்பாடு ஆவணி வரை ஓயாது. மெஷினை மாற்றிப் பார்த்தும் பயனில்லாத வீடுகளில் அநேகமாகப் பழுது தலைக்கு மேலே, கூரையில் இருக்கும். காசைச் செலவழிக்கும் ஒழுங்கு இதுதான்: முதலில் கூரை, பிறகு மேற்குச் சுவர், காற்றுப் போக்கு, ஃபேன், கடைசியாகத்தான் ஏசி. இந்த ஒழுங்கில் போனால் பல வீடுகளுக்கு ஏசியே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் சிறியது போதும்.

கச்சான் மேற்கிலிருந்து தரைவழி வருகிற காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சரிந்து வரும்போது வறண்டு சூடேறிவிடுகிறது. பலமாக வீசும் நாளில் அது கடற்காற்றைக் கரையோடு தடுத்து நிறுத்திவிடும். அந்த நாட்களில் யன்னல்களையெல்லாம் விரியத் திறந்து வைப்பது அடுப்பு வாயைத் திறந்து வைப்பதற்குச் சமம். காலை 9 மணியளவில் மேற்கு, தென்மேற்கு யன்னல்களைச் சாத்துங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, பொதுவாக இரவில், எல்லாவற்றையும் திறந்து விடியும்வரை விடுங்கள். கச்சான் தளர்ந்து மத்தியானம் கடற்காற்று ஏறும் நாளில் கிழக்கு யன்னலையும் அதற்கு எதிர்ப்பக்க வாசலையும் திறந்தால் போதும்.

முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

தொடாமலே சூட்டைக் காட்டும் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஏணியில் ஏறிக் கையால் தொட்டுப் பார்த்தாலும் விளங்கும். பிற்பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் சீலிங்கின் அடிப்பக்கத்தையும் மேற்குச் சுவரின் உட்பக்கத்தையும் பாருங்கள். 2 மணிக்குக் கொதித்து 9 மணிக்கு ஆறிவிட்டால் அது அஸ்பெஸ்டஸ் சீற், தகரம் அல்லது ஓட்டின் வேலை. பகலில் பரவாயில்லாமல் இருந்து இரவில் சூடு கீழே இறங்கினால் அது கொங்கிறீற் தட்டுக் கூரையின் வேலை. தட்டு பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் கீழே விடும். சுவர் மட்டும் சுடுகிறது என்றால் கூரையில் கை வைக்க வேண்டாம், நிழல்தான் வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீற் வீடுகள்

பாலையூற்று, திருக்கடலூர், உப்புவெளிப் பக்கங்களில் பல வீடுகள் இந்த வகை. மலிவாகவும் உடனடியாகவும் பலன் தருவது வெள்ளைப் பூச்சு. ஆனால் செய்கிற விதத்தில் கவனம் வேண்டும். பழைய சீற்றில் இருப்பது கல்நார். அதைத் துளைத்தால், உரசினால், கம்பித் தூரிகையால் தேய்த்தால், அழுத்தத் தண்ணீர் மெஷினால் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் தங்கிப் பல வருடங்களுக்குப் பிறகு நோயாக வரும். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதற்குப் போதாது. எஃப்எஃப்பி3 தரத்து மாஸ்க் போடுங்கள், வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியாகத் தோய்த்து விடுங்கள்.

மழை ஓய்ந்த மாசிக் கடைசியிலிருந்து சித்திரைக்குள் வேலையை முடியுங்கள். சீற்றின் மேல் நேரே மிதிக்கக் கூடாது. வருடம் போன சீற் சொல்லாமல் உடையும். போல்ட் வரிசை எங்கே ஓடுகிறதோ அங்கேதான் அடியில் மரம் இருக்கிறது. ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு எட்டும்படி பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். மழைநீர்த் தொட்டிக்கோ கிணற்றடிக்கோ போகும் பீலிக் குழாயை முதலில் கழற்றிவிடுங்கள். பாசிக்கு வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு கலந்து நனைத்து 20 நிமிடம் விட்டு, மெதுவான தூரிகையாலோ பஞ்சாலோ ஈரமாகவே துடைத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். பிளீச்சோடு எந்த அமிலத்தையும் கலக்க வேண்டாம். வழிந்து வரும் சேற்றைக் காய விடாமல் ஈரத்தோடு தடித்த பையில் அள்ளிக் கட்டுங்கள்.

இரண்டு நாள் காய்ந்ததும் சீமெந்துப் பரப்புக்கான பிரைமர் ஒரு கோட், வெளிக்கூரைக்கென்று விற்கும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு இரண்டு கோட். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வேண்டாம், ஒரு மாரியில் உரிந்துவிடும். அளவைக் கணக்கிடும்போது மடிப்பை மறக்காதீர்கள். 20 அடிக்கு 30 அடி வீட்டின் 600 சதுர அடி, மடிப்போடும் சரிவோடும் 750 சதுர அடியாகும், கிட்டத்தட்ட 70 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 4 சதுர மீற்றர் பிடிக்கும் என்று வாளியில் போட்டிருந்தால், இரண்டு கோட்டுக்கு 35 லீற்றர் வேண்டும். குறைத்து வாங்கித் தண்ணீர் சேர்த்து இழுப்பதுதான் பூச்சு தோற்பதற்கு முதல் காரணம். வெயில் ஏறிய பிறகு அடிப்பது இரண்டாவது. சீற்றில் கை வைக்க முடியாத சூட்டில் பூச்சு ஒட்டுவதற்கு முன்பே காய்ந்துவிடும். காலை 9 மணிக்கு முன், பின்னேரம் 4 மணிக்குப் பின்.

வருடாவருடம் மாரி கழிந்ததும் ஒரு தடவை மெதுவாகக் கழுவுங்கள். அழுக்கேறிய வெள்ளை, வெள்ளையே அல்ல.

தகரக் கூரைக்கும் இதே முறைதான். ஆனால் கறளை முழுதாகச் சுரண்டி, கறள் தடுக்கும் பிரைமர் அடித்த பிறகே வெள்ளை.

ஓட்டு வீடுகள்

உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் நிற்கிற பழைய வீடுகளின் உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் இந்த ஊருக்கென்றே அமைந்தவை. அவற்றைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. உயரத்தைக் குறைத்துத் தாழ்வாக சீலிங் அடிப்பதும், காற்றுக்கண்களைச் சீமெந்தால் அடைப்பதும், சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு மேல் சீமெந்து பூசுவதும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, இரண்டொரு வருடத்தில் பூச்சு பொருமி விழும். ஒட்டுவதென்றால் சுண்ணாம்புச் சாந்தாலேயே ஒட்டுங்கள்.

ஓட்டுக்கு அடியில் அலுமினிய பொயில் கட்டுவது நல்ல பலன் தரும். முதலில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். பொயில் வந்த பிறகு ஒழுக்கு எங்கே என்று தெரியாமல் மரம் உள்ளுக்குள்ளே உக்கும். கைமரங்களின் அடிப்பக்கத்தில் பொயிலைப் பிடித்தால் ஓட்டுக்கும் பொயிலுக்கும் நடுவில் காற்று ஓட இடம் கிடைக்கும். குறைந்தது 25 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் பொயில் வெறும் தகடுதான். ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் வகையென்றால் மினுக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். மூட்டுகளில் 10 செ.மீ. ஏற்றி, அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். முகட்டில் 5 செ.மீ. திறந்து விடுங்கள், தாழ்வாரப் பக்கமும் அடைக்க வேண்டாம். கீழே நுழைந்து மேலே வெளியேறும் அந்தக் காற்றுத்தான் சூட்டை எடுத்துப் போகிறது. 12 அடிக்கு 10 அடி அறைக்குச் சரிவையும் மூட்டையும் சேர்த்து 155 சதுர அடி வாங்குங்கள். பொயில் மின்சாரம் கடத்தும். மெயின் சுவிட்சை அணைக்காமல் கூரைக்குள் கை வைக்க வேண்டாம். பழைய வயரைக் குழாய்க்குள் மாற்றாமல் அதன் பக்கத்தில் பொயிலைக் கொண்டுபோகவும் வேண்டாம்.

சீலிங் போட்ட வீடுகளில் சீலிங்குக்கு மேல் உள்ள இடத்துக்கும் காற்றுக்கண் வேண்டும். சீலிங் பரப்பை 150ஆல் பிரியுங்கள். 600 சதுர அடிக்கு 4 சதுர அடித் திறப்பு. பாதி தாழ்வாரத்தில், பாதி முகட்டுக்குக் கிட்ட முக்கோணச் சுவரில். வௌவாலும் அணிலும் போகாதபடி 6 மி.மீ. கம்பிவலை அடிப்பீர்கள், வலை காற்றை மறிப்பதால் திறப்பைக் கால் பங்கு கூட்டுங்கள். ஐப்பசிக்குப் பிறகு மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், ஆகவே அந்தப் பக்கத் திறப்புக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த பட்டிகள் கட்டாயம்.

கொங்கிறீற் தட்டு

வெடிப்பை அடைத்து, தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிவாக்கி, நீர்புகா வெள்ளைப் பூச்சு அடிப்பது குறைந்த செலவு. சூடு ஆறட்டும் என்று பின்னேரங்களில் தட்டில் தண்ணீர் ஊற்றுவது வெடிப்பு வழியே உள்ளிருக்கும் கம்பிக்கு ஈரத்தைக் கொண்டு போகும். உவர்க் கிணற்றுத் தண்ணீரென்றால் கம்பி கறள் பிடித்துக் கொங்கிறீற் பிளந்து வரும். கூடப் பணம் இருந்தால் தட்டுக்கு மேல் 3 அடி உயரத்தில் நாலு பக்கமும் திறந்த சீற் நிழல் போடுங்கள். வெயிலைத் தட்டில் விழாமலே தடுப்பதால் அதற்கு நிகரான வேலை இல்லை. ஆனால் 1964 மார்கழிச் சூறாவளி பார்த்த கரை இது. திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும். தூண்களைத் தட்டின் பீமில் போல்ட் போட்டு இறுக்குங்கள், ஓரச் சீற்றில் ஒவ்வொரு மேட்டிலும் ஆணித்திருகு போடுங்கள்.

நிழலும் ஃபேனும்

மேற்கு யன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது பல மடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு திரைக்குப் பின்னால் அறைக்குள்தான் நிற்கும். கிடுகுத் தட்டியோ நிழல்வலையோ சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கட்டும். சமையலறைப் பக்கம் கிடுகு வேண்டாம், தீப்பற்றும். மாரிக்கு முன் கழற்றி வையுங்கள்.

ஃபேன் அறையைக் குளிர வைக்காது, ஆளைத்தான் ஆற்றும். ஆளில்லா அறையில் ஓட விடுவது வீண். இறகு தரையிலிருந்து 7 முதல் 9 அடிக்குள்ளும் சீலிங்கிலிருந்து ஓர் அடியாவது கீழேயும் இருக்க வேண்டும். 14 அடி உயர அறையில் கம்பியை நீட்டாமல் பூட்டினால் மேலே இருக்கிற சூட்டைத்தான் கீழே தள்ளும். சாதாரண 48 அங்குல ஃபேன் 70 வாட்ஸ் அளவில் எடுக்கும், பிரஷ் இல்லாத மோட்டர் உள்ள பிஎல்டிசி வகை அதில் பாதிக்கும் குறைவு. ஃபேன் மெதுவாகிவிட்டால் புதிது வாங்குமுன் கப்பாசிற்றரை மாற்றிப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் கச்சான் நாட்களில் நன்றாக வேலை செய்யும், காற்று வறண்டிருப்பதால். யன்னலைத் திறந்து வைத்தால்தான் பலன். ஈரக் கடற்காற்று வீசும்போதும் மாரியிலும் அது அறையைப் புழுங்க வைக்கும்.

கடைசியாக ஏசி

ஒரு படுக்கையறையைத் தேர்ந்தெடுத்து, காற்றுப் போகாதபடி அதன் இடைவெளிகளை அடைத்து விடுங்கள். யன்னலுக்கு மேலுள்ள காற்றுக்கண்ணுக்குக் கழற்றக்கூடிய தகடு, கதவடிக்கு ரப்பர் பட்டி. சீலிங் இல்லாத ஓட்டறையில் எந்த ஏசியும் தோற்கும். கூரை சரிசெய்த, சீலிங் உள்ள 12க்கு 10 அடி அறைக்கு 9,000 பிடியூ (ஏசியின் குளிரூட்டும் திறனின் அளவு) போதும். 12க்கு 15 அல்லது உயரம் கூடியதற்கு 12,000. பெரிதாக வாங்கினால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் போகாது, சுவரில் பூஞ்சணம் வரும்.

தனி வயர் வேண்டும். மெயின் பெட்டியிலிருந்து 7/0.67 வயர் (0.67 மி.மீ. தடிப்பில் 7 இழை), 16 அல்லது 20 அம்பியர் பிரேக்கர், நல்ல ஏர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். பழைய உருண்டைத் துளைப் பிளக்கில் செருகாதீர்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களில் 3 நிமிடத் தாமதம் உள்ள பாதுகாப்புக் கருவி கொம்பிரசரைக் காக்கும். இந்த வேலை தெரிந்த எலக்ட்ரீசியனுக்கு உரியது.

பூட்ட வருகிறவர் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வெக்கூம் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். குழாயிலுள்ள காற்றை காஸைத் திறந்து ஊதித் தள்ளுவது சிலரின் பழக்கம். ஈரம் உள்ளே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். புதிய மெஷின்களில் வரும் ஆர்32 தீப்பற்றக்கூடிய காஸ் என்பதால் ஆபத்தும் உண்டு. பம்ப் 20 நிமிடமாவது ஓட வேண்டும், நிறுத்திய பிறகு 10 நிமிடம் அழுத்தம் காட்டும் அளவியின் முள் அசையக் கூடாது. ஆர்22 போட்ட பழைய மெஷினுக்கு ஆர்32 ஏற்றலாம் என்று யாரும் சொன்னால் விடாதீர்கள்.

இந்த ஊரில் ஏசியைக் கொல்வது உப்பு. வெளி யூனிட்டின் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடுகிற இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் மாவாக உதிரும். டைக் வீதி போலத் திறந்த கடலைப் பார்க்கும் வீட்டில் கடல் பக்கச் சுவரில் வைக்கவே வேண்டாம். வீட்டின் மறைவில், தாழ்வார நிழலில், பின்னால் 15 செ.மீ., முன்னால் 60 செ.மீ. இடம் விட்டு வையுங்கள். தகட்டில் பூச்சுள்ள மொடல், சூட்டில் தோய்த்துத் துத்தநாகம் ஏற்றிய தாங்கி, 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட். சுண்ணாம்புச் சுவரில் விரியும் போல்ட் பிடிக்காது, 30 கிலோ அளவுப் பாரம் ஆட்டத்தோடு சேர்ந்து பிடுங்கி வரும். நிலத்தில் கொங்கிறீற் கட்டை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.

மாதம் ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகட்டை மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர்தான். கரையோரக் கிணறு பல உவராக இருப்பதால் அதில் கழுவினால் உப்பை நாமே பூசிவிட்டதாகும். உள் யூனிட்டின் வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். நீர் வடியும் குழாய்க்கு ஒரு மீற்றருக்கு 1 செ.மீ. சரிவாவது இருக்க வேண்டும், அதன் வாய் சுவரின் அடியில் முடியக் கூடாது. வெளி யூனிட்டின் வயர்த் துளைகளை அடையுங்கள். பல்லியும் எறும்பும் புகுந்து சர்க்கியூட்டை எரித்துவிடும்.

26 பாகையில் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். மாரி மாதங்களில் சூட்டைவிட ஈரம்தான் உபத்திரவம், அப்போது டிரை நிலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டினால் படுக்கையும் அலுமாரியும் காயும்.