பரணிலிருந்து இறக்கிய டிவி கேமை உடனே ஆன் பண்ணாதீர்கள்

பழைய டிவி கேமோ கம்ப்யூட்டரோ, பரணில் சும்மா கிடந்து கெடுவது ஒரு வகை. இறக்கிய கையோடு ஸ்விட்சைப் போட்டுக் கெடுத்துக்கொள்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவதை முழுக்கத் தவிர்க்கலாம்.

முதல் எமன் அடாப்டர். ஒரிஜினல் தொலைந்திருக்கும்; பின் பொருந்துகிறதே என்று ரவுட்டர் அடாப்டரைச் செருகுவார்கள். 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி வேண்டும். பின்னின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். அதே நிண்டெண்டோ அமெரிக்காவில் விற்ற என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவதோ 9 வோல்ட் ஏசி. என்இஎஸ்ஸுக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடுகள் உண்டு, ஃபேமிகாமில் இல்லை. என்இஎஸ் அடாப்டரை ஃபேமிகாமில் போட்டால் போச்சு. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் செய்தவை என்பதால், நம்மூர் 230-ல் நேராகச் செருகவே கூடாது.

நம்மூரில் விற்ற ஃபேமிகாம் நகல்களில் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கும். அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, அடாப்டர் முனையை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 9 என்று எழுதியிருந்தாலும் சும்மா அளந்தால் 12, 13 காட்டும். அது இயல்பு, லோடு ஏறினால் இறங்கிவிடும். வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் புது எஸ்எம்பிஎஸ் வகை அடாப்டர் 12 காட்டினால் அது நிஜமாகவே 12. கேம் பெட்டிக்குள் வோல்ட்டை 5-ஆகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர், 5 வோல்ட் போக மிச்சத்தைச் சூடாகத்தான் கழிக்கும். அரை ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட்டில் 2 வாட் சூடு, 12 வோல்ட்டில் 3.5 வாட். சூட்டை வெளியேற்ற அதில் மாட்டியிருக்கும் சின்ன தகட்டுக்கு இது அதிகம்.

கேசட்டை ஊதுவது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. ஊதியதால் வேலை செய்ததில்லை, கழற்றி மாட்டியதால் வேலை செய்தது. எச்சில் ஈரம் காண்டாக்ட்டைக் கறுக்கச் செய்யும். மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐபிஏவை (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்), 99 சதவீதம் என்று கேட்டு வாங்கி, காதுக்குச்சியில் தொட்டு, பஞ்சு அழுக்காகாமல் வரும்வரை துடையுங்கள். சானிடைசர் ஜெல் ஆகாது. உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். மேல்பூச்சு ஒருமுறை போனால் போனதுதான்.

சேவ் வசதியுள்ள கேசட்டில் பட்டன் செல் இருக்கும். அதைக் கழற்றினால் சேவும் போகும், தெரிந்தே செய்யுங்கள். புது செல்லின் மேல் நேராக சால்டர் வைத்தால் வெடிக்கலாம். சால்டர் வைக்க உலோகத் தகடு (tab) ஒட்டிய செல்லாகக் கேட்டு வாங்குங்கள்.

386, 486 சிப் உள்ள பழைய கம்ப்யூட்டரா? முதலில் மூடியைக் கழற்றுங்கள். மதர்போர்டில் பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் பேட்டரி இருந்தால், ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகாவிட்டாலும் வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. பச்சை படிந்த இடத்தில் வெள்ளை வினிகர் தொட்டு, பிறகு ஐபிஏவால் துடைக்க வேண்டும். ஒழுகியது காரம் என்பதால்தான் வினிகர். பவர் சப்ளையின் பின்னால் 115/230 ஸ்விட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கட்டும். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டரையும் மாற்றிப் போடவும் முடியும், போட்டால் போர்டு காலி. இரண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் பக்கம் பக்கமாக வர வேண்டும்.

டிவி கேமில் எல்லாம் சரியாகி, வாத்து சுடும் கேமின் துப்பாக்கி மட்டும் எல்இடி டிவியில் வேலை செய்யாது. துப்பாக்கி ரிப்பேர் என்று அதைப் பிரித்துப் போடாதீர்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியின் சிறு பங்குக்கு இருண்டு, வாத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி தேடுகிறது. புது டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் கணக்கு தப்பிவிடும். பழைய டியூப் டிவி கிடைத்தால் அதில் போடுங்கள். அதன் பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.